நபர் ஒன்று, பாதி வெட்டிய நிலையில்

அந்த நாட்டில் பதவி ஏற்பதுதான் பெரும்பாடு. உறுதிமொழி வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும், நான்கு கையெழுத்து வேண்டும். பதவியை விடுவதோ மிகச் சுலபம். தேர்தல் அலுவலர் ஒருவரின் காதில் விழும்படி ராஜினாமா என்று ஒரு தடவை சொன்னால் போதும்; இடம் காலி. இப்படி ஒரு காரியத்தை யாரும் செய்யப் போவதில்லை என்ற தைரியத்தில் அந்தச் சட்டத்தை எழுதியிருந்தார்கள்.

தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் செய்துவிட்டார். போக்குவரத்து விளக்குத் திறப்பு விழா அன்று மேடையில் நின்று பொத்தானை அழுத்தினார். சிவப்பு எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். சிவப்பு எரிந்துகொண்டே இருந்தது. கால் மணி நேரம் ஆகியும் பச்சை வரவில்லை. நான்கு பக்கமும் வண்டிகள் நின்று ஹாரன் அடித்தன. உறுப்பினர் மைக்கைப் பிடுங்கினார். "ஒரு பச்சை விளக்கைக்கூட என் மக்களுக்குக் கொடுக்க முடியாத பதவி எனக்கு எதுக்கு? இந்த நிமிஷமே ராஜினாமா!" என்று முழங்கினார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த மண்டலத் தேர்தல் அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்து மணியைக் குறித்துக்கொண்டார்.

இரண்டு நாளில் இடைத்தேர்தல் அறிவிப்பு வந்தது. மூன்றாம் நாள் வேட்பாளர் பட்டியல் வந்தது. ராஜினாமா செய்தவரின் பெயர்தான் அதில் முதல் பெயர். தொகுதிக்கு ஒன்றும் செய்ய முடியவில்லையே என்ற வேதனையில் விலகியவர், தொகுதிக்கு ஏதாவது செய்தே தீர வேண்டும் என்ற வேட்கையில் நிற்பதாகச் சுவரொட்டி சொன்னது. வேதனைக்கும் வேட்கைக்கும் ஒரே புகைப்படத்தைப் போட்டிருந்தார்கள்.

சலூன்காரர் இதையெல்லாம் கடையில் கிடந்த பேப்பரில் படித்துவிட்டுச் சிரித்தார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு.

அவருடைய கடை தெருமுனையில் இருந்தது. இரண்டு சுழல் நாற்காலி, ஒரு பெஞ்சு, சுவர் முழுக்க மூன்று கண்ணாடி. அன்று முதல் வாடிக்கையாளராக ஸ்டேஷன்காரர் வந்திருந்தார். முப்பது வருடம் ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கால்கள் ஓய்ந்து சக்கர நாற்காலிக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. குரல் மட்டும் இன்னும் வேலையில்தான் இருந்தது. சக்கர நாற்காலியோடு அவரைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, கழுத்தில் வெள்ளைத் துணி கட்டி, இடப்பக்கத்து நரைமுடியைச் சலூன்காரர் வெட்டி முடித்திருந்தார். வலப்பக்கம் பாக்கி.

அப்போது, விழாவில் மணி குறித்த அந்த மண்டலத் தேர்தல் அலுவலர் உள்ளே வந்தார். கையில் அளவு நாடா, கழுத்தில் கேமரா, பையில் அரக்கு. கண்ணில் பட்டதையெல்லாம் பூட்டி சீல் வைப்பவர் என்பதால் ஊரில் அவருக்கு 'சீல்' என்று பெயர். ஒருமுறை தன் சாப்பாட்டு டப்பாவுக்கே சீல் வைத்துவிட்டு, பிரிக்க அனுமதி வரும் வரை பட்டினி கிடந்தார் என்று அவர் அலுவலகத்திலேயே சொல்லிக்கொள்வார்கள்.

"இது இனிமே வாக்குச்சாவடி எண் அறுபத்தொண்ணு" என்றார் சீல்.

"சார், இது சலூன்" என்றார் சலூன்காரர்.

"அது உங்க தரப்பு."

"எப்பவும் ஸ்கூல்லதானே சார் ஓட்டு போடுவோம்?"

"ஸ்கூல்ல போன தேர்தல் மெஷினை வச்சுப் பூட்டியிருக்கோம். கேஸ் நடக்குது. பூட்டைத் தொடக் கூடாது."

"யார் மேல கேஸ்?"

"ராஜினாமா பண்ணாரே, அவர் மேல. அவர் ஜெயிச்சது செல்லாதுன்னு."

"அவர்தான் இப்போ உறுப்பினரே இல்லையே?"

"அதனால? செல்லுமா செல்லாதான்னு தெரிஞ்சுக்க வேணாமா?" என்று கேட்டபடியே சீல் வாசலை அளந்தார். "சாவடிக்குச் சக்கர நாற்காலி ஏறுற மாதிரி சரிவு இருக்கணும். விதி. இருநூறு மீட்டருக்குள்ள சரிவு இருக்கிற ஒரே கட்டடம் இதுதான். நீங்க கொடுத்து வச்சவர்."

அந்தச் சரிவைச் சலூன்காரர்தான் போட்டார். நாலு வருடத்துக்கு முன்னால், இரண்டு பேர் தன்னைத் தூக்கி இறக்குவது பிடிக்காமல் ஸ்டேஷன்காரர் கடைக்கு வருவதையே நிறுத்தியிருந்தார். ஒரு விடுமுறை நாளில் சலூன்காரர் தானே சிமெண்டைக் குழைத்து வாசலில் கொட்டிச் சரித்துவிட்டார். வெட்டத் தெரிந்த கைக்குப் பூசத் தெரியவில்லை. சரிவு கொஞ்சம் கோணல்தான். ஆனாலும் மறுநாள் ஸ்டேஷன்காரர் அதில் ஏறி வந்து, "முதலாம் நடைமேடைக்கு வண்டி வந்து சேர்ந்தது" என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தார்.

சீல் கடையின் நடுவே நின்று ஒரு புகைப்படம் எடுத்தார். பிறகு ஆய்வறிக்கையை எழுதி உரக்கப் படித்தார்: "சுழல் நாற்காலி, இரண்டு. பெஞ்சு, ஒன்று. கண்ணாடி, மூன்று. நபர், ஒன்று, சக்கரங்களுடன், தலை இடப்பக்கம் மட்டும் வெட்டிய நிலையில்."

"சார், என்னையுமா எழுதினீங்க?" என்றார் ஸ்டேஷன்காரர்.

"இருக்கிறதை இருக்கிறபடி எழுதணும். இல்லாததை எழுதினாத்தான் குத்தம்."

சலூன்காரர் கத்தரியை எடுத்தார். "பத்தே நிமிஷம் சார். அண்ணனுக்கு மீதியை முடிச்சு அனுப்பிட்டு, சாவியைக் கையில தரேன்."

"கையை எடுங்க!" சீல் பாய்ந்து வந்தார். "ஆய்வு முடிஞ்சாச்சு. ஆய்வு பண்ண நிலை வாக்குப்பதிவு வரைக்கும் மாறக் கூடாது. விதி பதினொண்ணு."

"வாக்குப்பதிவு எப்போ சார்?"

"இன்னும் இருபத்தெட்டு நாள்."

சலூன்காரர் கத்தரியோடு திகைத்து நின்றார். பிறகு ஸ்டேஷன்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வலப்பக்கம் வரை செல்லும் கத்தரி, இருபத்தெட்டு நாட்கள் தாமதமாக வந்து சேரும். தடங்கலுக்கு வருந்துகிறோம்."

*

முடி தேர்தல் அறிவிப்பைப் படிப்பதில்லை. அது பாட்டுக்கு வளரும். சலூன்காரரின் கவலை அதுதான். ஒரு தலை மாதத்துக்கு ஒரு தடவை கத்தரியைத் தேடும். அந்த ஒரு தடவை கடை மூடியிருந்தால் அது வேறு கடைக்குப் போகும். வேறு கடையில் ஒருமுறை குனிந்த கழுத்து திரும்பி வருவது அபூர்வம். அடுத்த தெருவில் ஆறு மாதத்துக்கு முன்னால் ஏ.சி. சலூன் ஒன்று வந்திருந்தது. தலையை அதிரவைத்து மசாஜ் செய்யும் இயந்திரம்கூட அங்கே இருந்தது. இருபத்தெட்டு நாள் போதும். ஊரின் தலைகளெல்லாம் அங்கே போய்விடும்.

முதல் வாரம் சலூன்காரர் பூட்டிய கடைக்கு எதிரே தெருவோரம் நின்றார். போகிறவர் வருகிறவரின் பின்கழுத்தைப் பார்த்தார். யார் யார் எங்கே வெட்டிக்கொண்டார்கள் என்று அவருக்கு முகத்தைப் பார்க்காமலே தெரியும். கணக்கு வாத்தியார் கடந்து போனார். கழுத்துக்கு மேலே ஏணிப்படி மாதிரி இயந்திரம் ஓட்டிய தடம் தெரிந்தது. பதினெட்டு வருடமாகத் தான் மட்டும் தொட்ட கழுத்து அது.

வாத்தியார் திரும்பிப் பார்த்து நெளிந்தார். "இல்லப்பா, சும்மா அந்தப் பக்கம் போனேன்... கல்யாண வீடு வேற..."

"பரவாயில்ல சார். காதுக்குப் பின்னால கொஞ்சம் விட்டுட்டான். கவனிக்கச் சொல்லுங்க" என்றார் சலூன்காரர்.

வீட்டில் மனைவி ஒரே வாக்கியத்தில் வழி சொன்னாள். "சரிவை உடைங்க."

"என்ன சொல்ற?"

"சரிவு இருக்கிறதாலதானே கடையை எடுத்தான்? சுத்தியல் கட்டிலுக்கு அடியில இருக்கு. ரெண்டு போடு போட்டா விட்டுட்டுப் போயிடுவான்."

சலூன்காரர் சுத்தியலோடு போனார். சரிவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். சிமெண்டில் சக்கரத் தடம் இரண்டு பதிந்திருந்தது. ஈரம் காய்வதற்குள் ஸ்டேஷன்காரர் அவசரப்பட்டு ஏறியதன் அடையாளம். அவர் சுத்தியலோடு திரும்பி வந்தார்.

"என்னங்க, உடைச்சாச்சா?"

"ஆய்வு பண்ண நிலை மாறக் கூடாதாம்" என்றார் அவர்.

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த ஆளு வாயை உங்களுக்கும் ஒட்ட வச்சுட்டானா?" என்றாள். சுத்தியலை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

*

பத்தாம் நாள் தலைநகரிலிருந்து பார்வையாளர் வந்தார். கண்ணாடி அணிந்த கண்டிப்பான அம்மா. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். நாற்காலி இரண்டு, சரி. பெஞ்சு, சரி. கண்ணாடி, சரி.

"நபர் ஒன்று எங்கே?"

சீல் அறிக்கையைப் பார்த்தார். சலூன்காரரைப் பார்த்தார். சலூன்காரர் ஓடினார். ஸ்டேஷன்காரர் வீட்டில், தொப்பி போட்டுக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்களைக் காணோம்னு கணக்கு கேக்கறாங்க. வாங்க."

"நான் காணாம போகலையே தம்பி. வீட்லதானே இருக்கேன்?"

"அவங்க லிஸ்ட்ல நீங்க கடையிலதான் இருக்கீங்க."

கடைக்கு வந்து அவர் தொப்பியைக் கழற்றியதும் பார்வையாளர் ஒரு அளவுகோலை எடுத்து ஸ்டேஷன்காரரின் தலையில் வைத்தார். "இடப்பக்கம் நாலு மில்லிமீட்டர் வளர்ந்திருக்கு. ஆய்வு செய்த நிலை மாறியிருக்கு. மண்டல அலுவலரே, இதுக்கு யார் பொறுப்பு?"

"மேடம், முடி... அது தானா..."

"தானா நடக்கிறதுக்கெல்லாம் பொறுப்பேத்துக்கத்தானே நாம இருக்கோம்? நாம நடத்துறது எதுவும் தானா நடக்காதே" என்றார் பார்வையாளர். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை தெரிந்தது. "திரும்ப எப்போ வருவேன்னு சொல்ல மாட்டேன். காலையில வரலாம், சாயந்திரம் வரலாம். நபர் ஒன்று கடையில இருக்கணும். அறிக்கையில இருக்கிற நிலையில இருக்கணும்."

அன்று மாலையே ஆணை வந்தது. 'நபர் ஒன்றைப் பராமரித்தல்' பொருட்டுக் கடை தினமும் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை திறந்திருக்கலாம். இடப்பக்க முடியைத் தேவைக்கேற்ப வெட்டிப் பராமரிக்கலாம். வேறு எந்தத் தலையையும் தொடக் கூடாது.

ஆகவே சலூன்காரர் கடையைத் திறந்தார். ஒரே ஒரு ஆளின் பாதித் தலைக்காக. சீல் மூலையில் உட்கார்ந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார். வாடிக்கையாளர்கள் வாசல் வரை வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"கடை தொறந்திருக்கே, வெட்டலாமா?"

"வெட்டக் கூடாது. பராமரிப்பு மட்டும்தான்" என்பார் சீல். அவர்கள் அப்படியே அடுத்த தெருவுக்கு நடப்பார்கள். மூடியிருந்த கடையைவிட இந்தத் திறந்த கடைதான் சலூன்காரருக்கு அதிகம் வலித்தது.

பன்னிரண்டாம் நாள் தலைமையிடத்திலிருந்து சீலுக்கு ஒரு விளக்கக் கடிதம் வந்தது. படித்து மடித்தவர், மறுபடி பிரித்துப் படித்தார்.

"என்ன சார்?"

"அறிக்கையில இடப்பக்கம் வெட்டியிருக்குன்னு எழுதியிருக்கேன். நான் எடுத்த படத்துல வலப்பக்கம்தான் வெட்டியிருக்காம். ரெண்டுல எது பொய்னு மூணு நாளைக்குள்ள விளக்கம் கேட்டிருக்காங்க. என் வேலையே போயிடும்."

சலூன்காரர் படத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணாடி முன்னாலேயே இருபத்தைந்து வருடம் நின்றவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. "சார், நீங்க அண்ணனை எடுக்கலை. பின்னால நின்னு, கண்ணாடியில தெரிஞ்ச அண்ணனை எடுத்திருக்கீங்க. எதிர்ல நிக்கிற ஆளு மாதிரி பார்த்தா இடம் வலமாத்தான் தெரியும். தப்பா கண்ணாடியை எடுத்துட்டேன்னு ஒரு வரி எழுதிப் போடுங்க. முடிஞ்சது."

சீல் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். தப்புன்னு ஒரு வரி இதுவரைக்கும் எழுதினதில்லை. எழுதறதுக்குப் படிவமும் கிடையாது." கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது முகம் தெளிந்திருந்தது. "தப்பு நடக்கலை. ரெண்டு சரி நடந்திருக்கு. அறிக்கையும் சரி, படமும் சரி. மத்தியானம் வரைக்கும் அறிக்கைப்படி. மத்தியானத்துக்கு மேல படத்தின்படி."

"அப்படின்னா?"

"காலையில இடப்பக்கம் வெட்டிய நிலை. சாயந்திரம் வலப்பக்கம் வெட்டிய நிலை. மேடம் எப்போ வந்தாலும் ஒரு ஆதாரம் நம்ம பக்கம் இருக்கும்."

"சார், காலையில இடது, சாயந்திரம் வலதுன்னா... அண்ணனுக்கு முழுத் தலையும் வெட்டினதா ஆயிடுமே? நாளைக்குக் காலையில பாதித் தலைக்கு எங்க போறது?"

சீல் இதை எதிர்பார்க்கவில்லை. ஸ்டேஷன்காரரின் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து யோசனை எதுவும் வரவில்லை.

சலூன்காரருக்குத்தான் வந்தது. வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தையல்காரரின் அடர்ந்த தலையைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "சார், நபர் ஒண்ணுன்னு போட்டிருக்கீங்களே, எந்த நபர்னு பேர் போட்டிருக்கா?"

"பேர் எழுத அந்தப் படிவத்துல கட்டம் கிடையாது."

"அப்போ யாரா இருந்தாலும் நபர்தானே?"

சீல் அறிக்கையை எடுத்து இரண்டு தடவை படித்தார். "நபர்தான். ஆனா சக்கரங்களோட இருக்கணும்."

ஸ்டேஷன்காரர் சிரித்துக்கொண்டே கையை ஊன்றிப் பெஞ்சுக்கு மாறினார். காலியான சக்கர நாற்காலியைத் தட்டிக் காட்டினார். குரல் தெருமுனை வரை போனது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! தையல்காரர், முதலாம் நடைமேடைக்கு உடனே வரவும்!"

*

அன்றிலிருந்து நடந்ததைத் தெரு இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறது. காலையில் வரிசையாக வருவார்கள். ஒவ்வொருவராகச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து நபர் ஒன்றாக ஆவார்கள். இடப்பக்கம் வெட்டிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். மத்தியானத்துக்கு மேல் திரும்பி வந்து வலப்பக்கத்தை முடித்துக்கொள்வார்கள். ஸ்டேஷன்காரர் பெஞ்சிலிருந்து வரிசையை அறிவிப்பார்: "பெயிண்டர் செல்லும் இடப்பக்க வண்டி புறப்பட்டது. மெக்கானிக் வலப்பக்கத்துக்கு வந்துகொண்டிருக்கிறார்." சீல் ஒவ்வொரு தலைக்கும் ஒரு பராமரிப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

பகல் பதினொரு மணிக்குத் தெருவில் நடந்தால் ஆண்களுக்கெல்லாம் பாதித் தலை. வங்கியில் கவுண்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாதித் தலை. பேருந்து ஓட்டுநரே இடது கண்ணாடியில் ஒருவராகவும் வலது கண்ணாடியில் வேறொருவராகவும் தெரிந்தார். வேடிக்கைக்கு வந்தவர்கள் வெட்டிக்கொண்டு போனார்கள். ஏ.சி. சலூனில் அதிர்வு இயந்திரம் தனியாக அதிர்ந்துகொண்டிருந்தது. கணக்கு வாத்தியாரும் வந்தார். "காதுக்குப் பின்னால விட்டுட்டான்னு சொன்னியே" என்று தலையைக் குனிந்தார்.

"அது இடது காது சார். பன்னண்டு மணிக்குள்ள வந்தது நல்லதாப் போச்சு."

இருபதாம் நாள், பகல் பதினொன்றரைக்கு, ராஜினாமா செய்த வேட்பாளர் ஓட்டு கேட்டு அந்தத் தெருவுக்கு வந்தார். திறந்த வண்டியில் நின்று கையசைத்தவர் அப்படியே உறைந்தார். பதில் கையசைத்த அத்தனை பேருக்கும் பாதித் தலை.

"என்னய்யா இது?" என்று பக்கத்தில் நின்ற செயலாளரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"தெரியலையே தலைவரே. ஏதோ போராட்டம் மாதிரி இருக்கு."

"என்ன கோரிக்கை?"

"கேட்டுட்டு வரட்டுமா?"

"கேட்டா நமக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சுடும்யா!" என்று சீறிவிட்டு மைக்கைப் பிடித்தார். "என் உயிரினும் மேலான மக்களே! உங்க கோரிக்கை என்னன்னு எனக்குத் தெரியும். அதை என் வாயால சொல்லித்தான் தெரியணுமா? நீங்க பாதி இழந்து நிக்கும்போது நான் மட்டும் முழுசா இருக்கலாமா? இந்தத் தொகுதிக்கு நான் எதையும் முழுசா செஞ்சதில்லைன்னு சொல்றவங்க சொல்லட்டும். இதோ, பாதி செய்யறேன்!"

நேராகக் கடைக்குள் வந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார். படம் எடுப்பவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். சலூன்காரர் துணியைக் கட்டும்போது குனிந்து, "ஐயா, ஒரு வேண்டுகோள். இந்தக் கடையை விட்டுடச் சொல்லி ஒரு வார்த்தை..." என்றார்.

"உறுப்பினரா இருந்திருந்தா ஒரே போன்ல முடிச்சிருப்பேன் தம்பி. இப்போ நான் வெறும் ஆளு." வேட்பாளர் பெருமூச்சு விட்டார். "உறுப்பினர் இல்லாம இந்தத் தொகுதி எவ்வளவு கஷ்டப்படுது பார்த்தியா? எவன் பண்ண வேலையோ!"

இடப்பக்கம் வெட்டி முடிந்தது. "ஐயா, பன்னண்டு மணிக்கு மேல வந்தா வலப்பக்கத்தை..." என்று சலூன்காரர் ஆரம்பிப்பதற்குள் அவர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். மறுநாள் புதுச் சுவரொட்டி வந்தது. பாதித் தலையோடு அவர் படம். 'மீதி, வெற்றிக்குப் பிறகு' என்று கீழே எழுதியிருந்தது. எதிர்த்து நின்றவர் மனம் தளராமல் மீசையில் பாதியை எடுத்துப் பார்த்தார். அது எடுபடவில்லை.

வாக்குப்பதிவு நாளன்று கடைக்கு ஒரு புதுச் சங்கடம் வந்தது. ஓட்டு போடுகிறவரின் கை மூன்று கண்ணாடியிலும் தெரிந்தது. ரகசியம் போய்விடும் என்று கண்ணாடிகளைப் பேப்பரால் மூடினார்கள். பேப்பரில் வேட்பாளரின் பாதித் தலை இருந்தது. அது பிரசாரம் என்று பேப்பரை வெள்ளைத் துணியால் மூடினார்கள். துணியில் வேட்பாளருடைய முடி ஒட்டியிருந்தது. அதை என்ன செய்வது என்று சீல் கடிதம் எழுதினார். பதில் வருவதற்குள் வாக்குப்பதிவு முடிந்துவிட்டது.

ராஜினாமா செய்தவரே ஜெயித்தார். தான் விட்டுப்போன இடத்தை, தன்னைத் தவிர வேறு யாராலும் நிரப்ப முடியாது என்பதை மக்கள் உணர்ந்துவிட்டார்கள் என்று பேட்டி கொடுத்தார். பதவியும் ஏற்றார்: உறுதிமொழி, இரண்டு சாட்சி, நான்கு கையெழுத்து.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சலூன்காரருக்குத் தலை நிமிர நேரமில்லை. கடை மறுபடியும் அவருடையது; காலை, மாலை என்ற கணக்கு இல்லாமல் முழுத் தலையாக வெட்டலாம். பெஞ்சில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். வழக்கமான இடத்தில் ஸ்டேஷன்காரர், அவருடைய சொந்தச் சக்கர நாற்காலியில். மூலையில் சீல் நின்றார். பொருள்களைக் குறையில்லாமல் திரும்பப் பெற்றேன் என்ற படிவத்தில் சலூன்காரரின் கையெழுத்து வாங்க வந்திருந்தார். சரக்குப் பட்டியலில் நபர் ஒன்றும் இருந்தார்.

அப்போது வாசலில் கார் நின்றது. புது உறுப்பினர், அதாவது பழைய உறுப்பினர், பாதித் தலையோடு இறங்கினார்.

"மீதியை முடிச்சுடு தம்பி. நாளைக்குத் தலைநகர்ல பெரிய விழா. இப்படியே போனா நல்லா இருக்காது." சுழல் நாற்காலியில் அமர்ந்தார்.

சலூன்காரர் துணி கட்டினார். வலப்பக்கம் காதை மூடி வளர்ந்திருந்தது. சீப்பை வைத்து முடியைத் தூக்கி, கத்தரியைக் கொண்டுபோனார். அந்த நேரத்தில் உறுப்பினரின் போன் அடித்தது.

"சொல்லுங்க தலைவரே... வாரியத் தலைவர் பதவியா? எனக்கா?... நாளைக்கேவா பதவியேற்பு?... கரும்பு தின்னக் கூலியா தலைவரே! உறுப்பினரா இருந்தா அதை வகிக்கக் கூடாதா? இதுல யோசிக்க என்ன இருக்கு? இந்த நிமிஷமே ராஜினாமா!"

கத்தரி அவர் காதருகே அப்படியே நின்றது. மூலையில் சீல் கைக்கடிகாரத்தைப் பார்த்து மணியைக் குறித்தார். படிவத்தைத் திருப்பிப் பைக்குள் வைத்தார். புது ஆய்வறிக்கைத் தாளை எடுத்தார். ஸ்கூல் இன்னும் பூட்டித்தான் கிடந்தது. இருநூறு மீட்டருக்குள் சரிவு இருந்த கட்டடம் இன்னும் ஒன்றுதான்.

பெஞ்சிலிருந்த ஒன்பது பேரும் சலூன்காரரைப் பார்த்தார்கள். ஒரு மாதத்துக்கு முன்னால் இதே இடத்தில் கத்தரியோடு திகைத்து நின்றவர் அவர். இப்போது திகைக்கவில்லை. உறுப்பினரின் காதருகே இருந்த கத்தரியைப் பதமாக விலக்கி மேசையில் வைத்தார்.

"சார், எழுதறதுக்கு முன்னால ஒரு விஷயம். இருக்கிறதை இருக்கிறபடி எழுதணும், இல்லையா?"

"அதுல என்ன சந்தேகம்?"

"கடை இப்போ நடந்துக்கிட்டு இருக்கு. ஒன்பது பேர் இருக்காங்க. முழுத் தலை வெட்டிக்கிட்டு ரெண்டு பேர் இப்பத்தான் போனாங்க. 'வழக்கம்போல் நடந்துகொண்டிருக்கும் நிலையில்'னு போடுங்க. அதுதானே உண்மை?"

சீல் சுற்றிப் பார்த்தார். கடை நடந்துகொண்டுதான் இருந்தது. எழுதினார். வாக்குப்பதிவு வரைக்கும் அந்த நிலை மாறக் கூடாது என்று அவரே சேர்த்துச் சொன்னார்.

பெஞ்சில் யாரோ விசிலடித்தார்கள்.

"என்னய்யா கதை பேசிக்கிட்டு? மீதியை வெட்டு" என்றார் உறுப்பினர், கண்ணாடியைப் பார்த்தபடி.

"நபர் ஒன்று, தலை இடப்பக்கம் மட்டும் வெட்டிய நிலையில்" என்று சீல் எழுதிக்கொண்டிருந்தார்.

"யோவ்! என்னையா எழுதற? நாளைக்கு எனக்குப் பதவியேற்பு!"

"பேர் எழுதலை சார். கட்டம் கிடையாது. ஆனா போன தடவைப் படிவங்களை எண்ணிப் பார்த்து, நபர் மாறினதுக்கு மேடம் ரொம்பக் கோவிச்சுட்டாங்க. இந்தத் தடவை முகம் தெரியற மாதிரி படம் வேணும்னு ஆணை. படத்துல இருக்கிற ஆளே தினமும் ஒன்பதுலேருந்து ஆறு வரைக்கும் இங்க இருக்கணும்."

"ஒரு போன் போட்டா..." உறுப்பினர் போனை எடுத்தார். எண்ணை அழுத்தப் போனவர் நிறுத்தினார். போன் போட்டு முடிப்பதற்கு உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

சீல் கேமராவை எடுத்தார். கடையின் நடுவில், போன தடவை நின்ற அதே இடத்தில் போய் நின்றார். எதிரே கண்ணாடி.

"ஒரு நிமிஷம் சார்" என்றார் சலூன்காரர். சுழல் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து அரைவட்டம் சுற்றினார். உறுப்பினர், பாதித் தலையும் திறந்த வாயுமாக, கேமராவுக்கு நேராக வந்து நின்றார். இந்தத் தடவை அறிக்கையும் படமும் ஒன்றாகவே இருக்கும். காலையிலும் இடப்பக்கம்தான், சாயந்திரமும் இடப்பக்கம்தான்.

கேமரா சொடுக்கியது.

ஸ்டேஷன்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பதவியேற்பு விழாவுக்குச் செல்லும் வண்டி காலவரையின்றி இதே நடைமேடையில் நிறுத்திவைக்கப்படுகிறது."

சலூன்காரர் அடுத்த ஆளுக்குத் துணியை உதறினார். "என்ன அண்ணே, பாதியில நிறுத்திட்டீங்க? தடங்கலுக்கு வருந்துகிறோம்னு சொல்லலையே?"

"அதைச் சொல்லணும்னா கொஞ்சமாவது வருத்தம் இருக்கணும் தம்பி" என்றார் ஸ்டேஷன்காரர்.